தமிழ் எழுத்தும் சிக்குக் கோலமும் தோலில் நிற்க: யாழ்ப்பாணத்துப் பச்சை வேலைக்கு ஒரு கையேடு

பச்சை குத்தின அன்றைக்கு எந்த எழுத்தும் வடிவாகத்தான் இருக்கும். ஐந்தாறு வருடம் போன பிறகு ‘ழ’வின் வயிறு அடைபட்டு, ‘ண’வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி, ‘ம்’மின் புள்ளி காணாமல் போயிருந்தால், அந்தப் பிழை பெரும்பாலும் ஊசி தொடுவதற்கு முன்பே, கடதாசியில் நடந்து முடிந்திருக்கும். மை தோலின் மேற்படையில் நிற்பதில்லை. அதற்குக் கீழே உள்ள உட்தோலில், ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீற்றர் ஆழத்தில், உடம்பின் பாதுகாப்புக் கலங்கள் அதை விழுங்கி வைத்திருக்கின்றன. காலம் போகப் போக ஒவ்வொரு கோடும் சற்று அகலும். இதை எந்த இயந்திரமும் எந்த மையும் தடுக்காது. அகலப்போகும் கோட்டுக்கு இடம் விட்டு வரைவதுதான் எங்கள் கையில் உள்ளது.

ஏற்கெனவே இயந்திரம் பிடிக்கத் தெரிந்து, தமிழ் எழுத்தையும் கோலத்தையும் ஊர் உருவங்களையும் ஒழுங்காகச் செய்ய விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். இயந்திரமே இப்போதுதான் வாங்கியவர்கள் முதலில் சிலிக்கன் தோலிலும் தோடம்பழத்திலும் கோடு பழகுங்கள். ஆள் தோலில் பழக வேண்டாம்.

சொல்லின் அளவை எது தீர்மானிக்கும்

“அண்ணை, அம்மாவின்ர பேரை மணிக்கட்டில சின்னனாப் போடுங்கோ” என்றுதான் முக்கால்வாசிப் பேர் வருவார்கள். உடனே தலையாட்ட வேண்டாம். பெயரை எழுதி வாங்கி, அதில் மிக நெருக்கமான எழுத்து எது என்று பாருங்கள். அந்த ஒரு எழுத்துத்தான் முழுச் சொல்லின் அளவையும் தீர்மானிக்கும்.

3 ஆர்எல் ஊசியால் (மூன்று ஊசி வட்டமாகச் சேர்ந்த கோட்டு ஊசி) போட்ட கோடு ஆறி முடிந்ததும் ஏறக்குறைய 0.7 முதல் 1 மில்லிமீற்றர் வரை இருக்கும். எழுத்துக்குள் உள்ள வெற்றிடம் குறைந்தது அந்தக் கோட்டின் இரண்டு மடங்கு இருக்க வேண்டும். மூன்று மடங்கு என்றால் நிம்மதி. இந்தக் கணக்கில் ட, ப, ம, ர போன்ற திறந்த எழுத்துகளுக்கு 7 அல்லது 8 மில்லிமீற்றர் உயரம் போதும். ண, ஞ, ழ, ஜ, ஐ எல்லாம் 12 மில்லிமீற்றருக்குக் கீழே போகக்கூடாது. ‘ணை’ வந்தால் 14. ‘யாழ்ப்பாணம்’ என்ற சொல்லை 12 மில்லிமீற்றர் உயரத்தில் எழுதினால் நீளம் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் வரும். முன்கையின் உட்பக்கத்தில் நீளவாக்கில் அது தாராளமாக அடங்கும். மணிக்கட்டைச் சுற்றி அடங்காது. வந்தவருக்கு அளவுகோலை வைத்துக் காட்டுங்கள். விளக்கிச் சொல்வதைவிட அது வேகமாகப் புரியும்.

எழுத்துத் தாங்குமா என்று பார்க்க ஒரு மலிவான சோதனை இருக்கிறது. உண்மையான அளவில், 1 மில்லிமீற்றர் பேனையால் சொல்லை எழுதி, பக்கத்துக் கடையில் ‘கறுப்புக் கூட்டி’ போட்டோப் பிரதி எடுங்கள். அந்தப் பிரதியை இன்னொருக்காப் பிரதி எடுங்கள். இப்படி நான்கு தலைமுறை போனால் கோடுகள் தடித்து, எங்கே அடைபடப் போகிறதோ அங்கே முதலில் அடைபடும். நான்காவது பிரதியை இரண்டு மீற்றர் தள்ளி வைத்து, அந்தச் சொல்லை முன்பு பார்க்காத ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். அவர் தடுமாறினால் வரைவைத் திருத்த வேண்டும்.

அடிக்கடி கெட்டுப்போகும் இடங்கள் இவை:

‘ே’யின் மேற்சுழி. அது அடைபட்டால் ‘ெ’ ஆகிவிடும். ‘கேசவன்’ ‘கெசவன்’ ஆவார். அச்செழுத்தில் இருப்பதைவிட அந்தச் சுழியை ஒன்றரை மடங்கு பெரிதாக வரையுங்கள். கண்ணுக்கு உறுத்தாது.

துணைக்காலும் ‘ர’வும். ‘ர’வின் அடியில் உள்ள சரிவுக் கோடு குட்டையாக இருந்தால், ஆறின பிறகு அது கால் போலவே தெரியும். சரிவை நன்றாக இழுத்து விடுங்கள்.

மெய்ப்புள்ளி. வெற்று வட்டமாகப் போட்டால் ஒரு வருடத்திலேயே நிரம்பிவிடும், நிறைபுள்ளியாகவே போடுங்கள். கோட்டுத் தடிப்பைப் போல ஒன்றரை மடங்கு விட்டம், எழுத்திலிருந்து குறைந்தது ஒரு புள்ளி அளவு இடைவெளி. புள்ளி விழுந்துபோனால் ‘அம்மா’ ‘அமமா’ ஆகிவிடும். அதைச் சுமந்துகொண்டு திரியப் போகிறவர் நீங்கள் அல்ல.

தமிழ் இலக்கங்கள். திகதியைத் தமிழ் இலக்கத்தில் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். ௧ என்பது ‘க’ போலவும், ௭ ‘எ’ போலவும், ௮ ‘அ’ போலவும் இருக்கும். ௨ஐத் தனியே போட்டால் எல்லோரும் பிள்ளையார் சுழி என்றே நினைப்பார்கள். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கணினியில் வரும் கோளாறு வேறு வகை. பாமினி எழுத்துருவில் அடித்த சொல், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளாகச் சிதறும். யூனிகோட்டில் அடித்ததை வரைகலை மென்பொருளில் ஒட்டினால், தென்னாசிய எழுத்துகளுக்கான அமைப்பு இயக்கப்படாத இடத்தில் ‘கொ’ உடைந்து கொம்பு இடம் மாறி நிற்கும். ஆகவே திரையில் பார்த்ததை நம்பாமல், வந்தவரைத் தன் கையால் சொல்லை எழுதச் சொல்லுங்கள். வெளிநாட்டில் பிறந்து தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் லீவுக்கு வந்து கேட்கும்போது, படத்தை அம்மாவுக்கோ அம்மம்மாவுக்கோ அனுப்பி, “சரி” என்று பதில் வந்த பிறகே ஸ்டென்சில் (தோலில் ஒட்டிப் பதிக்கும் வரைவுப் பிரதி) எடுங்கள். சரண்யா, சரணியா இரண்டும் ஊரில் உண்டு. எது அவருடைய பெயர் என்று அவருடைய வீட்டுக்குத்தான் தெரியும்.

தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்து கேட்டு வருபவர்கள் இணைய மாற்றியில் எடுத்த படத்தோடு வருவார்கள். பிராமி வடிவங்களில் ‘கி’க்கும் ‘கீ’க்கும் இடையே வித்தியாசம் ஒரு சிறு கோடுதான். கல்வெட்டுப் படியோடு ஒப்பிடாமல் குத்த வேண்டாம்.

சிக்குக் கோலம்

கோலத்தின் அழகு, கோடு புள்ளியைத் தொடாமல் சுற்றி வருவதில் இருக்கிறது. தோலிலும் அந்த இடைவெளி இருந்தால்தான் அது கோலம். புள்ளிக்குப் புள்ளி குறைந்தது 8 மில்லிமீற்றர் வையுங்கள். 5க்கு 5 புள்ளிக் கோலம் என்றால் சுற்றுக் கோட்டோடு சேர்த்து நாலரைச் சென்ரிமீற்றர் சதுரம் வேண்டும். விரலிலும் காதுக்குப் பின்னாலும் கேட்டால், மூன்று புள்ளி கொண்ட ஒற்றைச் சுழி மட்டும் செய்து கொடுங்கள்.

கோடுகள் வெட்டும் இடம்தான் கோலத்தின் பலவீனம். ஒரு கோட்டின் மேல் இன்னொன்றை இழுத்துப் போனால் அந்த இடத்தில் ஊசி இரண்டு தரம் இறங்கும். தோல் சிதைந்து, தடித்த பொருக்கு வந்து, ஆறும்போது கறுப்புக் குமிழாக நிற்கும். 5க்கு 5 கோலத்தில் இப்படிப் பதினைந்துக்கு மேல் இடம் இருக்கும். முதற் கோட்டை முழுதாக இழுங்கள். இரண்டாவது கோட்டை முதற் கோட்டின் ஓரத்துக்குக் கிட்டவாகக் கொண்டு வந்து ஊசியைத் தூக்குங்கள். மறுபக்கத்தில் இறக்கித் தொடருங்கள். இன்னும் வடிவாக வேண்டும் என்றால் கீழே போகிற கோட்டில் இரு பக்கமும் 1 மில்லிமீற்றர் வெறுந்தோல் விடுங்கள். கயிறு பின்னினது போல மேலும் கீழுமாகத் தெரியும், அந்த வெட்டு எளிதில் அடைபடாது. எந்தக் கோடு மேலே, எந்தக் கோடு கீழே என்பதைக் கடதாசியிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஊசி ஓடும்போது யோசித்தால் குழம்பும்.

சதுரக் கோலத்தை முழங்கை, முழங்கால் மூட்டுக்கு மேல் வைக்க வேண்டாம். மடக்கினதும் சதுரம் கோணும். முதுகின் நடுவே என்றால், ஆளை நிற்க வைத்து முள்ளந்தண்டு எலும்புகளைத் தொட்டுப் பார்த்துப் பேனையால் மூன்று குறி இட்டு, ஸ்டென்சிலின் நடுக்கோட்டை அந்தக் குறிகளில் பொருத்துங்கள். படுக்க வைத்து ஒட்டினால் எழும்பினதும் சரிந்திருக்கும்.

எங்கள் ஊர் உருவங்கள்

பின்ரறெஸ்ட்டில் உலகமே எடுக்கிற சிங்கமுகத்தையும் மணிக்கூட்டையும் விட, இங்கே எடுத்து வரையக் கிடப்பவை ஏராளம். 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு ஆனைக்கோட்டைப் பெருங்கற்காலப் புதைகுழியில் கண்டெடுத்த முத்திரையில், மேல் வரியில் குறியீடுகளும் கீழ் வரியில் பிராமி எழுத்துகளும் உண்டு. கோவேத, கோவேந்த என்று அறிஞர்கள் அதை வாசித்திருக்கிறார்கள். எளிய நேர்கோடுகள், தோலுக்கென்றே செய்தது போல இருக்கும். யாழ்ப்பாண அரசர்களான ஆரியச்சக்கரவர்த்திகளின் காசில் படுத்திருக்கும் நந்தியும் ‘சேது’ என்ற சொல்லும் இன்னொரு நல்ல ஊற்று.

பனையை வரைபவர்கள் ஓலையின் எல்லா விரல்களையும் வரையப் போய்க் கெடுத்துவிடுகிறார்கள். ஐந்து சென்ரிமீற்றர் மரத்தில் ஓர் ஓலைக்கு ஏழெட்டு விரல் போதும். மட்டையின் கருக்கை மூன்று நான்கு பல்லில் காட்டிவிடலாம். நீத்துப்பெட்டி, சுளகு, பாய் ஆகியவற்றின் பின்னலை எடுத்துக் கைவளையமாகப் போடும் வேலை மிக எடுப்பாக ஆறும், ஏனென்றால் அது முழுக்கக் கறுப்புக் கட்டமும் வெறுந்தோல் கட்டமும்தான். கட்டத்தின் பக்கம் 4 மில்லிமீற்றருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேல், ஓம், தெய்வ உருவங்கள் கேட்டால் உடம்பில் எந்த இடம் என்று கேளுங்கள். இடுப்புக்குக் கீழே வேண்டாம் என்று சொல்வதில் தயங்க வேண்டியதில்லை. புத்தர் உருவத்தில் சட்டச் சிக்கலும் உண்டு. 2014இல் கையில் புத்தர் பச்சையோடு கட்டுநாயக்காவில் வந்திறங்கிய பிரித்தானியப் பெண்ணைத் தடுத்து வைத்து நாடு கடத்தினார்கள். 2017இல் உயர் நீதிமன்றம் அவருக்கு 8 இலட்சம் ரூபா வழங்கும்படி தீர்ப்பளித்தது. தீர்ப்பு அவருக்குச் சார்பாக வந்தது உண்மை, ஆனால் அந்த அலைச்சலை உங்கள் வாடிக்கையாளர் பட வேண்டியதில்லை. தடைசெய்யப்பட்ட அமைப்புகளின் சின்னங்களையும் எடுக்க வேண்டாம். அதன் விளைவு குத்தினவரையும் குத்துவித்தவரையும் சேரும்.

ஸ்டென்சில் ஒட்டுதல்

கையால் எடுப்பவர்கள் மேற்தாளுக்கும் மைத்தாளுக்கும் இடையில் உள்ள மெல்லிய தாளை அகற்ற மறந்தால் ஒன்றும் பதியாது. முகக் கண்ணாடியில் எடுத்த செல்பியை வைத்து இடம் முடிவுசெய்தால் இடம் வலமாக மாறிவிடும். பக்கத்தில் நின்று நீங்களே படம் எடுங்கள்.

புதுச் சவரக் கத்தியால் மயிரை வழித்து, 70 சதவீத அற்ககோலால் துடைத்து, முற்றாக உலர விடுங்கள். சித்திரை வைகாசி வெயிலில் வந்தவர் உள்ளே நுழைந்ததும் ஒட்டத் தொடங்க வேண்டாம். வியர்வை அடங்கப் பத்துப் பதினைந்து நிமிடம் இருக்க விடுங்கள். உள்ளங்கை அளவு இடத்துக்கு ஒட்டுப்பசை இரண்டு துளி. தோல் மினுங்கக்கூடாது, தொட்டால் மெதுவாக ஒட்ட வேண்டும். பசை கூடினால் கோடு ஊறிப் பரவும். நெருக்கமான தமிழ் எழுத்தில் எது கோடு, எது ஊறல் என்றே தெரியாது. ஒட்டி எடுத்த பிறகு 15 நிமிடம் காய விடுங்கள். ஐப்பசி கார்த்திகை மாரியில் 20 நிமிடம்.

முன்கையில் ஒட்டும்போது கையைத் தொங்கவிட்டு இயல்பாக நிற்கச் சொல்லுங்கள். மேசையில் கையை மலர்த்தி வைத்து ஒட்டின வரி, கை தொங்கும்போது முறுக்கிக்கொண்டு போகும். மணிக்கட்டு மடிப்பிலிருந்து 2 சென்ரிமீற்றர் விலகுங்கள். கைக்குக் குறுக்கே எழுதும் சொல்லில் எழுத்தின் தலை தோள்பக்கம், அடி விரல்பக்கம் இருப்பதுதான் வழக்கம். தானே வாசிக்க வேண்டும் என்று சிலர் மாற்றிக் கேட்பார்கள். இரண்டையும் ஒட்டிக் காட்டி, முடிவை அவரிடம் விடுங்கள். ஸ்டென்சில் அழிக்கலாம்.

ஊசி இறங்கும்போது

எழுத்துக்கும் கோலத்துக்கும் 3 ஆர்எல் அல்லது 5 ஆர்எல் போதும். ஊசித் தடிப்பு 12 என்றால் 0.35 மில்லிமீற்றர், 10 என்றால் 0.30, 8 என்றால் 0.25. 10 இலக்க 5 ஆர்எல் தமிழ்ச் சுழிகளுக்கு நல்ல சமரசம்: கோடு உறுதியாகவும் இருக்கும், வளைவில் தடிக்கவும் மாட்டாது. கார்ட்ரிட்ஜில் (கழற்றி மாற்றும் ஊசிக்கூடு) பின்னோட்டத் தடுப்புச் சவ்வு இருப்பதை மட்டும் வாங்குங்கள். சவ்வு இல்லாவிட்டால் மையும் இரத்தமும் இயந்திரத்துக்குள் போகும்.

மற்றக் கையின் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் தோலை விரித்து, ஊசிக் கையின் ஓரத்தால் மூன்றாவது பக்கம் இழுங்கள். தளர்ந்த தோலில் கோடு நடுங்கும். வலக்கைக்காரர் கீழ் வலப்பக்க மூலையிலிருந்து தொடங்கினால், துடைக்கும்போது மிச்ச ஸ்டென்சில் அழியாது. தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

சுழியில் கை மெதுவாகும். இயந்திரம் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் மை கூடி இறங்கி ‘ன’வின் தொடக்கச் சுழி கறுப்புப் பொட்டாகிவிடும். சுழியை ஒரே இழுப்பில் முடிக்காமல் இரண்டாகப் பிரியுங்கள்: உள்ளேயிருந்து மேல் வளைவு வரை ஒன்று, மேல் வளைவிலிருந்து எழுத்தின் உடலுக்கு ஒன்று. சேரும் இடத்தில் ஊசியை விமானம் இறங்குவது போலச் சரித்து இறக்கிச் சரித்துத் தூக்குங்கள். புள்ளியை ஒரே இடத்தில் குத்தி நிரப்பக் கூடாது. அங்கே குழி விழுந்து, பொருக்கோடு மையும் போய்விடும். வெளிவட்டத்தை மூன்று நான்கு தொடுகையில் போட்டு உள்ளே வாருங்கள்.

கோடு சாம்பலாக ஆறினால் ஊசி போதிய ஆழம் போகவில்லை, அல்லது கை விரைந்துவிட்டது. கோட்டைச் சுற்றி நீல நிழல் பரவினால் ஊசி உட்தோலையும் தாண்டிக் கொழுப்புக்குள் போயிருக்கிறது. இதற்குத் திருத்தம் கிடையாது. கையின் உட்பக்கம், கணுக்கால், மணிக்கட்டு போன்ற மெல்லிய தோலில்தான் இது கூட நடக்கும்.

எங்கள் நிறத்துத் தோலில் மை மெலனின் படைக்குக் கீழே இருக்கிறது. எந்த நிறத்தையும் அந்தப் படையூடாகத்தான் பார்க்கிறோம். வெள்ளை, இளமஞ்சள், இளஞ்சிவப்பு எல்லாம் இரண்டு மாதத்தில் தோல்நிறத்தோடு கலந்துவிடும். கறுப்பு, கடுஞ்சிவப்பு, கடுநீலம் நிற்கும். நிறம் கேட்டால் மறைவான இடத்தில் நாலைந்து புள்ளி வைத்து ஆறு கிழமை பார்த்துவிட்டு முடிவுசெய்யலாம். “உங்கட நிறத்துக்கு எடுக்காது” என்று சொல்லி ஆளை அனுப்புவது அறியாமை. கறுப்பையும் வெறுந்தோலையும் வைத்து அமைத்த வரைவு இந்தத் தோலில்தான் மிக உறுதியாக நிற்கிறது.

முன்பே கேட்க வேண்டியவை

வயது 18 ஆகாவிட்டால் இல்லை. சீனி வருத்தம், இரத்தத்தை இளக்கும் குளிசை, கர்ப்பம், தோல் வருத்தம் எல்லாவற்றையும் கேளுங்கள். சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். வெறுவயிற்றோடு வந்தவர்தான் மயங்குவார்.

தழும்பு மேடாகிறவரா என்று அறிய, இடது மேற்கையில் உள்ள பீசீஜீ ஊசித் தழும்பையும் காது குத்தின இடத்தையும் பாருங்கள். அவை புடைத்து நின்றால் நெஞ்சு நடுவிலும் தோள் மேலும் குத்தக்கூடாது.

எங்கள் ஊரில் இன்னொன்றும் கேட்க வேண்டும்: உடம்பில் போர்க்காலச் செல் (எறிகணை) துண்டு இருக்கிறதா? நடுவயதுக்காரர்கள் பலரிடம் உண்டு. சிலர் அதைச் சொல்ல மாட்டார்கள்; விரலால் தடவினால் தோலுக்கடியில் கட்டியாகத் தட்டுப்படும். அதற்கு மேல் ஊசி போகக்கூடாது. தழும்பை மறைக்க வருபவர்களிடம் அது எப்படி வந்தது என்று விசாரிக்க வேண்டாம். எத்தனை வருடம் ஆயிற்று என்பது போதும். ஒரு வருடத்துக்கு மேலாகி, சிவப்பு மாறி, தட்டையாகிவிட்ட தழும்பில் வேலை செய்யலாம். தழும்புத் தோல் மையை ஒரே சீராகப் பிடிக்காது, அதனால் அதற்கு மேல் மெல்லிய கோடு வேண்டாம். ஓலை, இறகு, அலை போல ஒழுங்கற்ற நிழல்கள் தழும்பின் மேடுபள்ளத்தைத் தம்மோடு சேர்த்துக்கொள்ளும்.

சுத்தம்

மஞ்சட்காமாலை பீ வைரஸ் உடம்புக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். குத்துகிறவர் 0, 1, 6 மாதம் என்று மூன்று தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். இயந்திரம், வயர், போத்தல், விளக்கின் கைபிடி எல்லாம் ஒவ்வோர் ஆளுக்கும் புதுப் பொலித்தீன் உறையில். கையுறையோடு போன் எடுத்தால் கையுறை மாற்ற வேண்டும். பாவித்த ஊசியைக் குத்திக் கிழியாத பெட்டியில் போட்டு, எரியூட்டி வசதியுள்ள வைத்தியசாலையோடு ஒழுங்கு செய்யுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போய்க் கேட்டால் வழி சொல்வார். குப்பை அள்ளும் தொழிலாளியின் கையில் உங்கள் ஊசி ஏறக்கூடாது.

நிழலுக்கு மையை இளக்கும்போது கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர், போத்தல் தண்ணீர் எதுவும் ஆகாது. காய்ச்சி வடித்த நீரும்கூடக் கிருமியற்றது அல்ல. 2011இல் அமெரிக்காவின் ரொச்செஸ்ரர் நகரில், காய்ச்சி வடித்த நீரால் இளக்கிய சாம்பல் மையினால் 19 பேருக்கு மைக்கோபக்ரீரியத் தொற்று வந்தது. மருந்தகத்தில் விற்கும் ஊசிமருந்து கலக்கும் கிருமியற்ற நீரை வாங்கி, சிறு குப்பியாக உடைத்துப் பாவித்து, மிச்சத்தை ஊற்றிவிடுங்கள்.

கரண்ட் போகும் நாட்களுக்கு பற்றரி இயந்திரம் ஒன்றும், சார்ஜ் விளக்கு ஒன்றும் தயாராக இருக்க வேண்டும். பாதிக் கோட்டில் நின்ற வேலையை அதே இடத்தில் பிடிப்பது கடினம்.

ஆறும் காலமும் ஊர்க் காலண்டரும்

மேற்தோல் மூட இரண்டு மூன்று கிழமை. உள்ளே முற்றாக ஆற இரண்டு மூன்று மாதம். இதை வைத்து நாட்காட்டியைப் பாருங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாள். ஆண்கள் மேலாடை இல்லாமல்தான் உள்ளே போவார்கள், பலர் வெயில் மணலில் அங்கப்பிரதட்சணை செய்வார்கள், சிலர் காவடி எடுப்பார்கள். கொடியேறுவதற்கு ஒரு மாதம் இருக்கும்போதே நெஞ்சு, முதுகு, தோள் வேலைகளை நிறுத்தி, திருவிழா முடிந்த பிறகு நாள் கொடுங்கள். கீரிமலைக் கேணி, கசூரினா, சாட்டிக் கடற்கரைகள் மூன்றிலும் மூன்று கிழமைக்குக் குளிப்பு இல்லை. லீவுக்கு வந்தவர் கடலுக்குப் போகத்தான் போவார். அவருக்குப் பயணத்தின் கடைசி நாட்களில் நேரம் ஒதுக்குங்கள்.

குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணக்கல்லில் ஊறி வருவது. பல இடங்களில் உவர். சவர்க்காரம் நுரைக்காமல் தோலில் படியும். முதல் ஒரு கிழமைக்குக் கொதித்து ஆறிய நீரும் வாசனையில்லாத சவர்க்காரமும் சொல்லுங்கள். நாளுக்கு இரண்டு தரம் கழுவி, ஒற்றி உலர்த்தி, வாசனையில்லாக் களிம்பு மிக மெல்லியதாக. மஞ்சள், நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் போடச் சொல்லி வீட்டில் அன்போடுதான் சொல்வார்கள். திறந்த புண்ணில் அவை வேண்டாம் என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தால் வீட்டில் காட்டலாம். ஒட்டுப்படலம் போட்டால் இந்த வெக்கையில் வியர்வை அடியில் தேங்கும். 24 மணித்தியாலத்தில் எடுத்துவிடச் சொல்லுங்கள். சிவப்பு நாளுக்கு நாள் பரவினால், சீழ் வந்தால், காய்ச்சல் வந்தால் உங்களிடம் அல்ல, வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

கடைக்கு வெளியே

வரைவு உங்களுடையது என்றால் அது தோலோடு நிற்க வேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் உங்கள் ஓவியத்துக்கு உங்கள் ஆயுளுக்கும் அதன் பின் 70 வருடத்துக்கும் பாதுகாப்புத் தருகிறது. அதே சட்டம் மற்றவரின் படத்தையும் காக்கிறது.

மாதிரித் தாள்: 300 கிராம் தடிப்புள்ள ஏ3 நீர்வண்ணக் கடதாசியில் ஆறு அல்லது எட்டு உருவம், தோலில் போடும் அதே அளவில். ஒரு தாள் ஒரு பொருளைப் பற்றியதாக இருந்தால் நல்லது: பனை முழுக்க, அல்லது புள்ளிக் கோலம் முழுக்க. 600 டிபிஐயில் ஸ்கான் எடுத்து வைத்தால் அச்சுப்படமாகவும் விற்கலாம், சுவரளவுக்கும் பெருப்பிக்கலாம். டீசேட்டில் திரை அச்சுக்குக் கொடுக்கும்போது எந்தக் கோடும் 0.5 மில்லிமீற்றருக்கு மெலியக்கூடாது. மெலிந்தால் அச்சில் விட்டுப்போகும்.

சுவர்ச் சித்திரம்: தோலில் பழகிய இடைவெளிக் கணக்கு இங்கே அப்படியே கைகொடுக்கும். மூன்று மீற்றர் தூரத்துக்கு இரண்டரைச் சென்ரிமீற்றர் எழுத்துயரம் என்பது பெயர்ப்பலகை எழுதுவோரின் கணக்கு. 30 மீற்றர் தள்ளி வாசிக்க 25 சென்ரிமீற்றர் வேண்டும். ‘ழ’வும் ‘ண’வும் உள்ள சொல்லுக்கு அதன் ஒன்றரை மடங்கு எடுங்கள். வரைவில் 2 சென்ரிமீற்றர் கட்டம், சுவரில் 20 சென்ரிமீற்றர் கட்டம், நீலத்தூள் நூலால் அடித்துக் குறியுங்கள். புதுப் பூச்சுச் சுவரை 28 நாள் காய விடுங்கள். உவர்த் தண்ணீரில் குழைத்த சாந்தில் வெள்ளை உப்புப் பூத்திருக்கும். உலர் தூரிகையால் தேய்த்து எடுத்து, காரம் தாங்கும் அடிப்பூச்சு இரண்டு கை போட்ட பிறகே நிறம். உப்பின் மேல் நேரே பூசினால் அடுத்த மாரிக்குள் செதிலாக உரியும். உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

கலியாண வீட்டு மருதோன்றி வேலையும் வரும். இலைமருதோன்றி செம்மண்ணிறத்தில்தான் பிடிக்கும். அரைமணியில் கன்னங்கரேலென்று பிடிக்கும் ‘கறுப்பு மருதோன்றி’யில் தலைமயிர்ச் சாயத்தின் பீபீடீ இரசாயனம் இருக்கும். அது கொப்புளம் போட வைக்கும், அந்த ஒவ்வாமை ஆயுளுக்கும் நிற்கலாம். பொம்பிளை கேட்டாலும் பூச வேண்டாம்.

ஐரோப்பாவுக்கு விருந்தாளிக் கலைஞராகப் போகும் வாய்ப்பு வந்தால், உங்கள் மையை இங்கே விட்டுவிட்டுப் போங்கள். 2022 தை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பச்சை குத்தும் மைகளுக்குக் கடுமையான இரசாயனக் கட்டுப்பாடு உண்டு. 2023 தை முதல் நீலம் 15:3, பச்சை 7 என்ற இரண்டு நிறமிகளும் அதில் சேர்ந்தன. அங்கே போய் அங்கத்தைய விதிக்கு ஏற்ற மையை வாங்கலாம். கொண்டு போக வேண்டியது ஆறின வேலைகளின் படங்கள். புதிதாகக் குத்தி மினுங்கும் படம் எல்லோரிடமும் இருக்கும். ஆறு கிழமையிலும் ஒரு வருடத்திலும் எடுத்த படம்தான் கோட்டின் தரத்தைச் சொல்லும். படத்தை ஆளின் சம்மதத்தோடு, நிழலான பகல் வெளிச்சத்தில், அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து எடுத்து, ஊசி இலக்கம், மை, எழுத்துயரம், உடம்பில் இடம், திகதி ஐந்தையும் கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த முறை ‘ணை’ கேட்டு ஒருவர் வரும்போது எத்தனை மில்லிமீற்றர் என்று அந்தக் கொப்பியைப் பார்த்துச் சொல்லலாம்.